நானூறு முறை தரையிறங்கியவர்

நானூறாவது முறையும் விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது.

நஸீமா நாற்காலியில் சாய்ந்து கண்களைத் தேய்த்துக்கொண்டாள். எதிரே, விமானத்தின் மூக்கை மட்டும் வெட்டி வைத்ததுபோல ஒத்திகைக் கூண்டு நின்றது. உள்ளே ஆள் யாரும் இல்லை. ஆனாலும் இடப்பக்க இருக்கைக்கு முன்னாலிருந்த கட்டுப்பாட்டுத் தண்டு தானாக அசைந்து, சக்கரங்கள் தரையைத் தொட்டதும் மெல்ல ஓய்ந்தது. திரையில் காஞ்சிரந்திடல் ஓடுதளம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

"நானூறு," என்றான் பிரிட்டோ. ஒத்திகைக் கருவியை ஓட்டுவது அவன் வேலை. "இன்னும் ரெண்டு தடவ இறக்கினா இந்த மனுஷனுக்கு மெடல் குடுக்கணும் மேடம்."

"விழணும் பிரிட்டோ. ஒரு தடவையாவது விழணும்."

"நானா வேண்டாங்கறேன்? அவரு விழ மாட்டேங்கறாரே."

சிக்கல் அதுதான். போன மாதம் ஒரு புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு, கேப்டன் தேவசகாயம் நான்கு இருக்கைகள் கொண்ட சிறிய தனியார் விமானத்தில் மருந்துப் பெட்டிகளோடு தனியாக வந்தார். ராமநாதபுரம் பக்கத்துக் கருவேலங்காட்டு நடுவே, போர்க்காலத்தில் போட்ட அந்தச் சிமெண்ட் ஓடுதளத்தை ஒரு வட்டம் சுற்றினார். நேராக இறங்கினார். வேகம் சரி, கோணம் சரி, காற்று அமைதி. தரைக்கு மூன்று மீட்டர் மேலே வந்தபோது, காரணமே இல்லாமல் எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளித் தண்டைத் தன் பக்கம் இழுத்துவிட்டார். விமானம் துள்ளி எழுந்தது. பத்து மீட்டர் உயரம் போயிருக்கும். இடது இறக்கை சாய்ந்தது, காட்டுக்குள் விழுந்தது. அவர் அங்கேயே இறந்தார்.

இறங்க வந்த விமானி வேண்டாமென்று மறுபடி மேலே கிளம்புவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. குறுக்கே மாடு வந்தால், காற்று தள்ளினால், எல்லாரும் செய்வதுதான். ஆனால் ஓடுதளத்தில் எதுவும் இல்லை என்றது பதிவுப்பெட்டி. ரேடியோ பொத்தானை அவர் அழுத்தாததால் அவர் குரலும் பதிவாகவில்லை. பிறகு எதற்காகக் கிளம்பினார்?

முன்பெல்லாம் இந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிடுவார்கள். இப்போது நிழல் இருக்கிறது. உரிமம் பெற்ற ஒவ்வொரு விமானிக்கும் ஒரு நிழல். அவர் தண்டை எவ்வளவு அழுத்திப் பிடிப்பார், காற்று அடித்தால் எத்தனை நொடி யோசிப்பார், எப்போது பயப்படுவார் என்று பறக்கும்போதெல்லாம் விமானமே பார்த்துக் கற்றுக்கொள்ளும். ஆயிரம் மணி நேரத்தில் அந்த நிழல் கிட்டத்தட்ட அந்த ஆளாகவே ஆகிவிடும். தேவசகாயத்தின் நிழலுக்கு ஆறாயிரம் மணி நேரம் பயிற்சி.

முதலில் இதைப் பயிற்சிக்காகத்தான் செய்தார்கள். பிறகு விபத்து ஆய்வுக்கு வந்தது. பிறகு சட்டமே வந்துவிட்டது. அதே காற்று, அதே வெயில், அதே ஓடுதளத்தை நிழலுக்குக் காட்ட வேண்டும். நிழல் செய்வதுதான் அந்த ஆளின் இயல்பு. ஆள் வேறு விதமாகச் செய்திருந்தால், படிவத்தில் இரண்டே கட்டங்கள். ஒன்று, உடல்நலக் குறைவு. மற்றது, வேண்டுமென்றே.

பிரேதப் பரிசோதனையில் இதயம், மூளை எல்லாம் நன்றாக இருந்தன. மது இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் நஸீமா இரண்டாவது கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

திங்கட்கிழமை தேவசகாயத்தின் மனைவி வந்தாள்.

ஸ்டெல்லா தூத்துக்குடியில் பள்ளிக்கூட ஆசிரியை. வரவேற்பறையில் கொடுத்த தண்ணீர் டம்ளரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குள் வந்தாள்.

"நீங்கதான் எழுதப் போறியளா?"

"ஆமா. உக்காருங்க."

"எங்க தெருவுல எல்லாரும் எழுதியாச்சு. முப்பதாம் நாள் பூசைக்கு ஒம்பது பேர் வந்தாங்க. அதுல நாலு பேரு எங்க வீட்டு ஆளுங்க." டம்ளரை மேசையில் வைத்தாள். "வீட்டுல என்ன சண்டைன்னு எங்கிட்டயே கேக்காங்க. அன்னைக்குக் காலையில மீன் கொழம்புல உப்பு கூடிப்போச்சுன்னாக. அதத் தவிர ஒரு சண்டையும் இல்ல. அதையும் எழுதிக்கோங்க."

நஸீமா பேனாவை மூடி வைத்தாள்.

"அந்த நிழல நான் பாக்கணும்."

விதிப்படி கூடாது. பிரிட்டோ நஸீமாவைப் பார்த்தான். நஸீமா தலையசைத்தாள்.

ஸ்டெல்லாவை வலப்பக்க இருக்கையில் உட்கார வைத்தார்கள். இடப்பக்கம் காலி. திரையில் கருவேலங்காடு விரிந்தது. எஞ்சின் சத்தம் எழுந்தது. இறங்கத் தொடங்கும் முன், வேகக் கைப்பிடி லேசாக இரண்டு முறை முன்னும் பின்னும் அசைந்தது.

ஸ்டெல்லா சட்டென்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா?"

"ஸ்கூட்டர் எடுக்கும்போதும் இப்படித்தான். ரெண்டு முறுக்கு முறுக்காம கெளம்ப மாட்டாக. பெட்ரோல் வீணாப் போகுதுன்னு நான் ஏசுவேன்." காலி இருக்கையின் கைப்பிடியை மெல்லத் தொட்டாள். "அவுகதான் இது."

விமானம் ஊரை ஒரு வட்டம் சுற்றியது, இறங்கியது, நின்றது. நானூற்று ஒன்று.

அவள் கேட்டாள்: "இதுக்கு எப்படிக் கண்ணு தெரியுது?"

எப்படி என்று யாராவது கேட்டால் நஸீமாவுக்கு எதிரே இருப்பவரின் துக்கம்கூட ஒரு நிமிடம் மறந்துவிடும். "விமானத்து மூக்குக்குக் கீழே மூணு கேமரா இருக்கு. ஆனா படத்த அப்படியே சேமிக்காது, இடம் பத்தாது. பார்த்ததுல முக்கியமானத மட்டும் பட்டியல் போடும். ஓடுதளம் இங்க, மரம் இங்க, மாடு இங்க, பறவை இங்கன்னு. மளிகைக்கடைக்குச் சீட்டு எழுதற மாதிரி. கிச்சன்ல இருக்கற எல்லாத்தையும் எழுத மாட்டோமே. அந்தச் சீட்டத்தான் நிழலுக்குக் காட்டறோம். அத வச்சு அது உலகத்த வரைஞ்சுக்கும்."

"சீட்டுல எழுதாதது?"

"தரைன்னு எடுத்துக்கும்."

ஸ்டெல்லா கொஞ்சம் யோசித்தாள். வகுப்பில் விடைத்தாள் திருத்துகிறவளின் குரலில் சொன்னாள்: "அப்போ கையி அவுக கையி. கண்ணு அவுக கண்ணு இல்ல. நானூறு தடவையும் நீங்க குருடனத்தான் ஓட்ட விட்டிருக்கிய."

அவள் போன பிறகும் நஸீமா அசையாமல் இருந்தாள். எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும் என்று அந்தச் சீட்டுக்கு விதி செய்த குழுவில் அவளும் இருந்தாள். ஆறு வருடங்களுக்கு முன்னால். அப்போது கேமராக்கள் எதற்கெடுத்தாலும் கூச்சல் போட்டன. தேங்கிய தண்ணீர், விழுந்த பனையோலை, ஒட்டுப்போட்ட தார் எல்லாவற்றுக்கும் 'தடை, தடை' என்று கத்தியதில் விமானிகள் எரிச்சலாகி எச்சரிக்கையையே அணைத்துவிட்டுப் பறந்தார்கள். அதனால், ஓர் உயரத்துக்குக் கீழே அசையாமல் கிடப்பது எதுவானாலும் தரை என்று வைத்துக்கொள்ளலாம் என முடிவு செய்தார்கள். எவ்வளவு உயரம் என்று தலைவர் கேட்டார். நஸீமாவின் மேசையில் ஓர் அடிக்கோல் கிடந்தது. அதைத் தரையில் நிறுத்திக் காலோடு ஒட்டிப் பார்த்தாள். முழங்காலுக்கும் கீழேதான் வந்தது. "முப்பது சென்டிமீட்டர் போதும் சார்," என்றாள். அடிக்கோலின் நீளமே முப்பதுதான். யாரும் மறுக்கவில்லை; சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது.

செவ்வாய் காலை நஸீமாவும் பிரிட்டோவும் காஞ்சிரந்திடலில் இருந்தார்கள்.

ஓடுதளம் துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருந்தது. முதல்முறை வந்த குழுவும் அப்படித்தான் எழுதியிருந்தது: 'மிகவும் சுத்தம்.' பல பத்தாண்டுகளாக யாரும் பராமரிக்காத சிமெண்ட் ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நஸீமா மண்டியிட்டு, இரண்டு பாளங்களுக்கு நடுவே இருந்த வெடிப்பில் முகத்தைத் தாழ்த்திப் பார்த்தாள்.

உடனே தும்மினாள். ஒன்றல்ல, ஐந்தாறு தும்மல். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"என்ன மேடம்?"

பேனா முனையால் வெடிப்பைக் கிளறி உள்ளங்கையில் கொட்டிக் காட்டினாள். மஞ்சளான சிறு சிறு விதைகள். நடுவே சிவப்புத் தோல் துணுக்கு.

"மொளகா!" என்றான் பிரிட்டோ.

தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரில் ஒரு பெரியவர் மட்டும் நடந்து வந்தார். சேதுராக்கு என்று பேர் சொன்னார். அந்த ஊரின் பஞ்சாயத்து உறுப்பினர்.

"ஏற்கெனவே வந்து பாத்துட்டுப் போய்ட்டாகளே தாயி?"

"இங்க மொளகா காயப் போடுவீங்களா ஐயா?"

"சேச்சே. சர்க்கார் இடம்."

"நான் போலீஸ் இல்ல. அபராதம் போட வரல."

பெரியவர் வானத்தைப் பார்த்தார். நஸீமா கையிலிருந்த விதைகளைத் தட்டிவிட்டாள்.

"ஐயா, அந்தக் கேப்டன் வேணும்னே விழுந்து செத்தாருன்னு நான் வெள்ளிக்கிழமை எழுதணும். வேற காரணம் கெடைக்கல."

"யாரு, நம்ம விமானத்துக்காரரா?" பெரியவரின் குரல் உயர்ந்துவிட்டது. "எந்தக் கூறுகெட்ட பய சொன்னான் அப்புடி?"

"மெஷின் சொல்லுது."

"மெஷினத் தூக்கிக் கம்மாயில போடுங்க!" மரத்தடியைப் பார்த்துத் திரும்பினார். பிறகு குரல் தணிந்தது. "தாயி, மொளகா வத்தல் போட இம்புட்டு நீளமான களம் இந்த ஜில்லாவுலயே கெடையாது. செவ்வாயும் வெள்ளியும் விமானம் வரும். மத்த நாளு எங்களுது. அவருக்கும் தெரியும். ஒருநாளும் புகார் சொன்னதில்ல. வந்தார்னா ஊர ஒரு சுத்துச் சுத்துவாரு, அதேன் எங்களுக்கு ஹாரன். வத்தல் கெடந்தா ஓடியாந்து ஒதுக்கிருவோம். ஓரத்துல கெடந்தா கண்டுக்க மாட்டாரு, நடுவுல எறக்கிருவாரு. போறப்ப ஒரு கிலோ வத்தல் குடுத்தா, 'ஏன்யா, என் வீட்டம்மாவே எனக்குப் போதும், இது வேற காரமா'ன்னு சிரிப்பாரு."

நிழல் ஒவ்வொரு முறையும் ஏன் ஒரு வட்டம் சுற்றியது என்பது நஸீமாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"அன்னைக்குப் புதன்கிழமை," என்றாள்.

"ஆமா. பாம்புக்கடி மருந்து தீந்துபோச்சுன்னு ஆசுபத்திரியில வரச் சொல்லியிருக்காக. எங்களுக்கு ஆரு சொல்லுவா? நாங்க காட்டுல மொளகாப் பழம் எடுத்துக்கிட்டு இருந்தோம். சுத்துற சத்தம் கேட்டு ஓடியாந்தோம். பாதித் தொலவு வரல..."

நிறுத்திவிட்டார். மரத்தடியிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு.

"இருளாயி, நீ போ," என்றார் பெரியவர்.

"இருக்கட்டும் மாமா. எம்புட்டு நாளைக்கு?" நஸீமாவுக்கு நேரே வந்து நின்றாள். "நாந்தேன் தாயி படுத்துக் கெடந்தேன்."

அவள் சொன்னது இவ்வளவுதான். அன்று வத்தலுக்குக் காவல் அவள் முறை. ஆடு வாய் வைக்காமல் பார்க்க வேண்டும், மணிக்கொரு தரம் கிளறிவிட வேண்டும். ஓடுதளத்தின் இருபுறமும் வத்தல். நடுவே நடக்க வழி. காய்ச்சலுக்கு நர்சம்மா கொடுத்த மாத்திரை கண்ணைச் சொருகியது. புதன்கிழமைதானே என்று அந்த நடுவழியில் மல்லாந்து படுத்து, வெயிலுக்கு ஈரச் சாக்கைத் தலைவரை போர்த்திக்கொண்டாள்.

"எனக்குச் சுத்துனது கேக்கல. திடீர்னு தலைக்கு மேல காடே இடிஞ்சு விழுகுற மாதிரி சத்தம். காத்துல சாக்குப் பறந்துபோச்சு. கண்ண முழிச்சா, சக்கரம் எம் மூஞ்சிக்கு மேல போகுது. ரெண்டு ஆள் உசரம் இருக்கும். அப்புறம் அது எந்திரிச்சு, எந்திரிச்சு..." கையை உயர்த்தியவள் அப்படியே நிறுத்தினாள். "நாங்க ஓடித்தேன் போனோம் தாயி. முள்ளுல எறங்கி இழுத்துப் பாத்தோம். உசுரு இல்ல."

"அப்புறம்?"

பெரியவர் பதில் சொன்னார். "அப்புறம் கூட்டுனோம். போலீஸ் ஜீப்பு வர முக்காமணி நேரம் ஆச்சு. ஊரே சேந்து வத்தல அள்ளி, விதை விடாம வெளக்குமாத்தால கூட்டுனோம். இவதேன் கொன்னான்னு புடிச்சுக்கிட்டுப் போயிருவாகன்னு பயம். ரெண்டு பொம்பளப் புள்ளைக, அப்பன் இல்ல. செத்தவரத்தேன் காப்பாத்த முடியல, இருக்கவளயாச்சும் காப்பாத்துவோம்னு நெனச்சோம். அவரு மேல பழி விழும்னு சத்தியமாத் தெரியாது."

வத்தல், சாக்கு, அதற்குள் ஓர் ஆள். எல்லாமே முப்பது சென்டிமீட்டருக்குக் கீழே. எல்லாமே தரை. அதுவரை மண்டியிட்டபடியே இருந்த நஸீமா எழுந்து நின்றாள்.

"அன்னைக்குப் படுத்த மாதிரி ஒரு தடவ படுக்க முடியுமாக்கா?"

இருளாயி படுத்தாள். யாரோ சாக்கு கொண்டுவந்து போர்த்தினார்கள். சிமெண்ட்டும் சாக்கும் ஒரே நிறம். பிரிட்டோ அளவுநாடாவை நிறுத்திப் பிடித்தான். அவனுக்கும் இப்போது பகடி எதுவும் வரவில்லை.

"இருபத்தொண்ணு மேடம்."

புதன்கிழமை ஆய்வகத்தில், நிழலுக்குக் காட்டும் பட்டியலில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தார்கள். ஓடுதளத்தின் நடுவே, சக்கரம் தொடும் இடத்தில், ஒரு மனிதர். சாக்கின் நிறத்தால், அறுபது மீட்டர் நெருங்கிய பிறகே தெரியும். அந்த வேகத்தில் அது இரண்டு நொடி.

பிரிட்டோ பொத்தானை அழுத்தினான். இரண்டு முறுக்கு. ஒரு வட்டம். மூன்று மீட்டர் உயரத்தில் கைப்பிடி முன்னால் பாய்ந்தது. தண்டு பின்னால் வந்தது. விமானம் எழுந்தது, இடது இறக்கை சாய்ந்தது, திரை கறுத்தது.

இத்தனை நாளாக வேண்டிக்கொண்டிருந்தது நடந்துவிட்டது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"இன்னும் முப்பத்தொன்பது தடவ ஓட்டு," என்றாள் நஸீமா.

அன்று மாலை தொலைபேசியில் ஸ்டெல்லாவுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் எங்கோ பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்தது.

"எந்திரிச்ச விமானம் ஏன் விழுந்துச்சு?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"பஸ் ஜன்னலுக்கு வெளியே கைய நீட்டியிருக்கீங்களா? உள்ளங்கைய லேசாச் சாய்ச்சா காத்து கைய மேல தூக்கும். ரொம்பச் சாய்ச்சா தூக்காது, பின்னால தள்ளிடும். இறக்கையும் அப்படித்தான். வேகமாப் போகும்போது சாய்ச்சா தாங்கும். இறங்கற நேரத்துல வேகம் இருக்காது. முதல்ல வேகம் பிடிச்சு, அப்புறம்தான் மெதுவாத் தூக்கணும். அதுக்கு ஆறேழு நொடி வேணும். அவருக்கு ரெண்டு நொடிதான் இருந்துச்சு."

"அது அவுகளுக்குத் தெரியுமா?"

"பறக்கக் கத்துக்கறவங்களுக்கு முதல் மாசமே சொல்லிக் குடுக்கற விஷயம்."

"தூக்காம விட்டிருந்தா?"

"ஒரு குலுக்கு குலுக்கியிருக்கும். ஓடி நின்னிருக்கும். அவரு வீட்டுக்கு வந்திருப்பாரு." நஸீமா மூச்சை இழுத்துக்கொண்டாள். "நாப்பது தடவ ஓட்டிப் பாத்தோம் டீச்சர். முப்பத்தொரு தடவ விழுந்தாரு. ஒம்பது தடவ எப்படியோ தப்பிச்சாரு. ஆனா நாப்பது தடவையும் தூக்கினாரு. ஒரு தடவகூட அந்தம்மா மேல ஏத்தல."



"அந்தப் பொம்பளைக்குப் புள்ளைக இருக்கா?"

"ரெண்டு பொண்ணு."

"சரி," என்றாள் ஸ்டெல்லா. பிறகு இன்னொரு முறை, "சரி."

"இன்னொண்ணு சொல்லணும். முப்பது சென்டிமீட்டருக்குக் கீழ இருந்தாத் தரைன்னு அந்த மெஷினுக்கு விதி எழுதினது நான். மெஷின் பாத்திருந்தா முன்கூட்டியே கத்தியிருக்கும். அன்னைக்கு அது அவர்கிட்ட 'ஓடுதளம் காலி'ன்னு சொல்லுச்சு."

அழுகையோ வசவோ வரும் என்று காத்திருந்தாள் நஸீமா. எதுவும் வரவில்லை.

"அத அறிக்கையில எழுதுவியளா?"

"எழுதுவேன்."

"பேரு போட்டு?"

"பேரு போட்டு."

"எழுதி எனக்கு ஒண்ணு அனுப்புங்க. கோயில் அறிவிப்புப் பலகையில ஒட்டணும்." தொடர்பு அறுந்தது.

வெள்ளிக்கிழமை நஸீமா படிவத்தின் இரண்டு கட்டங்களையும் குறுக்காக அடித்துவிட்டு, தனித்தாளில் எழுதினாள்.

'ஓடுதளத்தில் ஒருவர் படுத்திருந்தார். விமானி அவரைக் கண்டார், இயந்திரம் காணவில்லை. அவர்மீது ஏற்றாமல் இருக்க விமானி மேலெழுந்தார். அவருடைய நிழலும், அதே காட்சியைக் காட்டியபோது, அதையே செய்தது. இது அவருடைய இயல்பு.

படுத்திருந்தவரின் உயரம் இருபத்தொரு சென்டிமீட்டர். முப்பதுக்குக் கீழே இருப்பதைத் தரை என்று கொள்ளும் விதியை முன்மொழிந்தவர் இந்த அறிக்கையை எழுதும் நஸீமா. அந்த விதியை நீக்க வேண்டும். உயரத்தை அளந்து எதையும் தள்ளக் கூடாது. உடல் சூட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தரையிறங்கும் கடைசி முப்பது நொடிக்குக் கேமரா கண்டதைப் பட்டியலாக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும். இதற்குத் தேவைப்படும் கூடுதல் நினைவகம் சுண்டுவிரல் நகத்தளவு.

நேற்று அதே ஓடுதளத்தில், அதே நேரத்தில், நான் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்துக்கொள்ள, இதைச் சோதித்தோம். விதியை மாற்றி, உடல் சூட்டை அறியும் கேமராவும் பொருத்திய விமானம் இருநூறு மீட்டர் உயரத்தில், இறங்கத் தொடங்கும் முன்பே, மனிதர் என்று சொன்னது.'